நடந்தது, இருந்தது, படுத்தது

எனக்கு அந்த மனுசனில் பயம் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இனிச் சொல்லப்போவதையெல்லாம் அன்பால் மட்டும் சொல்வதாக நினைத்துவிடுவீர்கள். அன்பும் இருந்ததுதான். ஆனால் மூன்று வருசம் என் கடை வாசலில், என் மேசையில், என் கரண்டில் எரிந்த விளக்குக்குக் கீழே இருந்த ஒருவரின் முகத்தை நான் நேராகப் பார்த்துக் கதைத்தது மிகக் குறைவு. அவர் கண் ஒரு பொருளில் விழுந்தால் அது எங்கே கிடந்து வந்தது என்று கண்டுபிடித்துவிடும். நான் எங்கே கிடந்து வந்தவள் என்பதை அவர் கண்டுபிடிப்பதில் எனக்கு விருப்பமில்லை.

கற்பிட்டியில் என்னுடையது போட்டோ கொப்பிக் கடை. போர் முடிந்து, வண்ணாத்திவில்லு தாண்டிக் காட்டுக்குள்ளால் மன்னாருக்குப் பாதை திறந்திருந்த வருசங்கள் அவை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம் சனங்கள் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் கொப்பி எடுக்க வரிசையில் நிற்பார்கள். இன்னொரு பக்கம் டொல்பின் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் கொழும்பிலிருந்து பழைய சாமான் தேடி வருகிறவர்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஒரு நாள் அவர் வந்து, வாசல் மேசையைத் தனக்குத் தர முடியுமா என்று கேட்டார். வாடகை தருவீர்களா என்று நான் வெடுக்கென்று கேட்டேன். தந்தார். விளக்குக்குத் தனியாகக் கேட்டேன், அதற்கும் தலையாட்டினார்.

எல்லாரும் அவரை நானா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னைத் தங்கச்சி என்றார். நான் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, அவர் மன்னார் முஸ்லிம். இந்த ஊரில் அதெல்லாம் கூப்பிடும் முறைக்குக் குறுக்கே வருவதில்லை. இங்குள்ள அத்தனை பேருடைய பெயரும் பிறந்த திகதியும் என் மெசினின் கண்ணாடிக்கு மேலே கிடந்து போனவைதான். அவருடைய கடதாசி ஒன்றுகூட ஒரு நாளும் வரவில்லை. அதனால் அவருடைய பெயர் எனக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

பழைய வெள்ளிக் காசுகளுக்குத் தரம் சொல்வதுதான் அவருடைய தொழில். மணிக்கூடு திருத்துகிறவர்கள் கண்ணில் பொருத்துகிற சின்ன வில்லை ஒன்றும், பழைய பெனியன் துணி ஒன்றும் வைத்திருந்தார். காசின் முகத்தில் விரல் வைக்கமாட்டார். விளிம்பில் பிடித்து, விளக்குக்குக் கீழே மெதுவாகச் சரிப்பார், நிரம்பிய கோப்பையைச் சிந்தாமல் சரிக்கிறவர் மாதிரி. வெள்ளி பல வருசம் ஓரிடத்தில் கிடந்தால் அதன்மேல் நிறம் படரும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு மாதுளைச் சிவப்பு, பிறகு கத்தரிப்பூ நீலம், கடைசியில் கறுப்பு. எங்களுக்கு அது ஊத்தை. அவருக்கு அது காசு உடுத்திய உடுப்பு. உடுப்புக்கு உள்ளே உடம்பு தேய்ந்திருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் வேலையே என்றார்.

கொழும்பு ஆட்கள் இங்கிலீசில் எழுத்தும் இலக்கமுமாகத் தரம் கதைப்பார்கள். இவரிடம் மூன்று சொல்தான் இருந்தது. கைக்குக் கை மாறித் தேய்ந்த காசு என்றால் ‘நடந்தது’. பெட்டியிலோ அலுமாரியிலோ அசையாமல் கிடந்து நிறம் பிடித்தது என்றால் ‘இருந்தது’. மண்ணிலோ கடலிலோ செத்தவரின் மையித்தோடோ கிடந்தது என்றால் ‘படுத்தது’. சில காசுகள் இரண்டு வேலையும் பார்த்திருக்கும். தேய்ந்த இடத்தின் மேலேயும் நிறம் ஏறியிருந்தால், அது நடந்து பிறகு இருந்தது. நிறத்தை அறுத்துக்கொண்டு தேய்வு போயிருந்தால், அது இருந்து பிறகு நடந்தது. இதை அவர் எனக்குச் சொல்லித் தரவில்லை. காலையிலிருந்து பின்னேரம் வரை காதில் விழுந்துகொண்டே இருந்தால் யாருக்கும் பழகிவிடும்.

தலவிலத் தேவாலயப் பெருநாளுக்கு முன்னால் வீட்டிலுள்ள வெள்ளியை எல்லாம் புளி போட்டுத் தேய்ப்பது எங்கள் அம்மாவின் வழக்கம். அப்படிப் பளபளவென்று இருந்த ஒரு வெள்ளி ரூபாயை நான் பெருமையாகக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அவர் சட்டென்று முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார், குளிக்கிற இடத்தைத் தெரியாமல் எட்டிப் பார்த்துவிட்டவர் மாதிரி. தோலை உரித்துவிட்டீர்களே தங்கச்சி என்றார். அதற்கு அவர் தரம் சொல்லவே இல்லை. எனக்குக் கோபம் வந்து அன்றைக்கு விளக்கை வழமையைவிட முன்னதாகவே நிறுத்தினேன்.

அவருடைய குணம் என்று ஒன்றைச் சொல்வதானால் இதுதான்: காசைப் பற்றிப் பொய் சொல்லமாட்டார். சிலாபத்தில் இருந்து ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து ஐந்து வெள்ளி டொலர்களைப் பரப்பினான். மயில் கழுத்து மாதிரி நீலமும் பச்சையும். எனக்கே எடுத்துப் பார்க்க ஆசையாக இருந்தது. இவர் ஒவ்வொன்றாகச் சரித்துப் பார்த்துவிட்டு, ஐந்தும் ஒரே நாளில் பிறந்த நிறம், அவித்த முட்டையோடு பையில் கட்டி வைத்துப் பிடித்த கள்ள நிறம் என்றார். அவன் கெஞ்சிப் பார்த்தான், பங்கு தருவதாகச் சொன்னான், கடைசியில் மேசையை உடைப்பேன் என்று கையை ஓங்கினான். என் மேசையடா என்று நான் உள்ளேயிருந்து கத்தினேன். இவர் சத்தம் உயர்த்தாமல் அதே வசனத்தைத் திருப்பிச் சொன்னார். ஒரு சொல்லும் மாறவில்லை. இதென்ன பிடிவாதம், காசுதானே, ஒரு சொல்லைக் கூட்டிக் குறைத்தால் குடியா முழுகிவிடும் என்று நான் பிறகு ஏசினேன். அவருடைய வலது பெருவிரல் இடுப்பு வாரில் இருந்த சின்னப் பைக்குள் போய் எதையோ தடவிக்கொண்டிருந்தது. யோசிக்கும்போது அந்த விரல் அங்கேதான் இருக்கும். ஓதுகிற தஸ்பீஹ் மணியாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

உடப்பு ஊரிலிருந்து ஒரு ஆள் வந்த நாள்தான் எனக்கு முதன்முதலில் அவரில் பயம் பிடித்தது. நல்ல உடுப்புப் போட்ட மனுசன், மகனை வெளிநாடு அனுப்புவதற்காக வீட்டில் உள்ளதை விற்கிறேன் என்று ஒரு வெள்ளி ரூபாயை வைத்தார். நானா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மிக மரியாதையாகக் கேட்டார்.

“இது ஆருட நெத்தியில இரிந்தது?”

அந்த மனுசனின் முகம் வெளிறிப்போனது. அப்பாவுடையது என்றார். பிரேதத்தின் நெற்றியில் ஒட்டியது, எரிக்க எடுத்த நேரம் ஒருவரும் காணாமல் தான் உருவி எடுத்தது, பெண்சாதிக்குக்கூடச் சொல்லவில்லை என்றார். சொல்லிக்கொண்டே காசைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். எப்படிக் கண்டீர்கள் என்று நானாவைக் கேட்டேன். ஒரு பக்கப் பள்ளங்களில் மட்டும் திருநீறும் சந்தனமும் இறுகியிருந்தது, மற்றப் பக்கம் சுத்தம், வேறெங்கே அப்படி இருக்கும் என்றார். விளக்கம் சரிதான். விளக்கம் கேட்ட பிறகும் எனக்குப் பயம் போகவில்லை. அதற்குப் பிறகு பணம் வாங்கும்போது நோட்டுகளைக் கூடத் தலைகீழாக வைத்தேன், வைத்து என்ன பயன் என்று எனக்கே தெரியாது.

ஜெசிமா ராத்தா வந்தது காசு விற்க இல்லை, கொப்பி எடுக்க. அவரும் மன்னார்தான். எங்கள் பக்கத்து முகாமில் வந்து இறங்கி, இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போட்டு ஒரு மகளை வளர்த்தவர். துணியை அவிழ்த்து ஒரு பெரிய வெள்ளியை எடுத்தார். பிரித்தானியர் காலத்தில் கிழக்குத் துறைமுகங்களில் ஓடிய வெள்ளி டொலர். ஒரு பக்கம் கையில் சூலத்தோடும் கேடயத்தோடும் ஒரு பெண் நிற்பாள். மறுபக்கம் பின்னல் கோலத்துக்குள் சீன எழுத்தும், அரபு எழுத்தும் இருக்கும். இந்தக் கரையில் பல முஸ்லிம் வீடுகளில் அந்த வெள்ளி இருந்தது, பாட்டன்மார் தோணியில் பினாங்குக்குப் போன காலத்தில் வந்தது. அரபு எழுத்து இருப்பதால் அது ஓதலென்று நம்பி, காய்ச்சல் பிள்ளைக்கு அதைத் தண்ணீரில் போட்டு அந்தத் தண்ணீரைக் கொடுப்பார்கள். உண்மையில் அது மலாய்ப் பாஷை, ஒரு வெள்ளி என்று விலைதான் எழுதியிருக்கிறது. கொழும்பு ஆள் ஒருவர் எனக்குச் சொன்னது. நானாவுக்கும் அது தெரியும். எழுத்தில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், நான் தரம்தான் பார்க்கிறது, எழுத்துப் பார்க்கிறதில்லை என்று தலையைக் குனிந்துகொள்வார். பொய் சொல்லாமல் தப்ப அவருக்கு அவ்வளவுதான் வழி.

ராத்தாவுக்கு அந்த எழுத்தைப் பெரிதாகக் கொப்பி எடுத்து லெமினேட் பண்ணி மகளின் அறையில் தொங்கவிட வேண்டும். மகளுக்கு இரண்டு கல்யாணம் பேசி முறிந்துபோயிருந்தது. நான் காசை மெசினில் வைத்தேன், கொப்பி கறுப்பு வட்டமாக வந்தது. வெளிச்சத்தில் வைத்துப் போனில் படம் எடுத்துத் தருகிறேன் என்று நானாவின் விளக்குக்குக் கொண்டுபோனேன். பிடியுங்கள் என்று நீட்டினேன். அவர் கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டார். மூன்று வருசத்தில் அவர் ஒரு காசைத் தொட மறுத்தது அன்றைக்குத்தான். வில்லையும் எடுக்கவில்லை. என் கையில் வைத்தபடியே பார்த்தார்.

“இருந்தது,” என்றார். பிறகு, “தனிய இருக்கல்ல. இன்னொண்டோட முகம் பார்த்து இருந்திரிக்கு. மத்தது கொஞ்சம் சரிஞ்சு கிடந்திரிக்கு,” என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். எழுத்துள்ள முகம் முழுக்க வெளிர் மஞ்சள். ஒரு ஓரத்தில் மட்டும் பிறை மாதிரி ஒரு கருநீலக் கீற்று. மற்றக் காசு மூடாமல் விட்ட இடம் அது. ராத்தா கதிரையில் அமர்ந்து சொல்லத் தொடங்கினார்.

இரண்டு காசு இருந்தது உண்மைதான். புருசனுடைய பாட்டன் கொண்டுவந்த சோடி. எழுத்தில் துணி படக்கூடாது என்று எழுத்தும் எழுத்தும் பார்க்க வைத்துக் கட்டி, மூன்று தலைமுறை ஒரே முடிச்சில் கிடந்தவை. தொண்ணூறில் துவக்குக்காரர் எல்லாரையும் போகச் சொன்ன அன்று, கடற்கரையில் வைத்துப் புருசன் அந்த முடிச்சை அவிழ்த்து ஒன்றை இவர் கையில் கொடுத்து, ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டார். பெண்களும் பிள்ளைகளும் முதல் வள்ளத்தில். நான் அடுத்த வள்ளத்தில் வாறேன் என்றார். அடுத்த வள்ளம் கற்பிட்டிக்கு வந்தது, அவர் அதில் இல்லை. அதற்குப் பிறகு வந்த எதிலும் இல்லை.

இருபது வருசத்துக்கு மேல் அந்த மனுசிக்குத் தான் விதவையா இல்லையா என்று தெரியாது. ஒவ்வொரு நாளும் பகல் புருசனுக்கென்று ஒரு கோப்பையில் சோறு போட்டு மூடி வைப்பார். ஆள் மவுத்து, இறந்துபோனார் என்று யாராவது வாய் திறந்தால் எழும்பிப் போய்விடுவார். மகளின் கல்யாணம் முறிந்தது அதனால்தான். நிக்காஹ்வுக்குப் பெண்ணைக் கொடுக்கிற உரிமை வாப்பாவுக்கு. வாப்பா உயிரோடு இருக்கிறார் என்றால் அவர் எங்கே, இல்லையென்றால் வாப்பாவின் தம்பி நின்று கொடுக்கலாம், இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள். இவர் ஒன்றையும் சொல்லமாட்டார்.

அந்த மற்றக் காசு உங்களிடம் வந்தால் உங்களுக்குத் தெரியுமா என்று ராத்தா நானாவைக் கேட்டார். தெரியும் என்றார் அவர். மறைக்கமாட்டீர்களே என்றார் ராத்தா. இந்த மேசைக்கு வந்தால் சொல்கிறேன் என்று நானா சொன்னார். ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, காசைக் கட்டிக்கொண்டு போனார். கொப்பி எடுக்க வந்ததையே மறந்துவிட்டார்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார். வந்து, காசு வந்ததா என்று கேட்கமாட்டார். இடியப்பப் பொதியை நானாவின் மேசையில் வைத்துவிட்டுப் புருசனைப் பற்றிக் கதைப்பார். வலது பெருவிரல் பாதிதான், தோணிக் கயிறு சுற்றிப் போனது, அந்தப் பாதி விரலால் அவர் போடுகிற முடிச்சை முழு விரல்காரர் அவிழ்க்க முடியாது என்று சிரிப்பார். நானா தலையைத் தூக்கமாட்டார். பெருவிரல் வார்ப் பைக்குள் இருக்கும். ராத்தா போன பிறகு அந்த இடியப்பத்தை அப்படியே என்னிடம் தள்ளிவிடுவார். சொதியோடு சாப்பிடுங்கள் நானா, நல்ல இடியப்பம் என்றால், எனக்கு இறங்காது தங்கச்சி என்பார். வயிற்று வருத்தமாக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை.

மூன்றாவது சம்பந்தம் புத்தளத்தில் இருந்து வந்தது. நல்ல பெடியன். மாத முடிவுக்குள் ஒரு முடிவைச் சொல்லுங்கள் என்று அவன் வீட்டார் சொல்லிவிட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை ராத்தா மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் என் மேசை ஓரத்தில் நின்று லெமினேட் கடதாசியின் மூலையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் கல்யாணமே வேண்டாம், உம்மாவை நெருக்காதீர்கள் என்று என்னிடம்தான் சொன்னாள், நான் ஏதோ நெருக்கியது போல. ராத்தா நானாவைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்.

“என்ட வாயால மவுத்தெண்டு சொல்ல மாட்டன் நானா. கண்டவங்க ஆராவது வந்து சொல்லட்டும். இல்லாட்டி அந்தக் காசு வந்து சொல்லட்டும்.”

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். ராத்தாவுக்குக் கோல் எடுங்கள் தங்கச்சி என்றார் நானா. ராத்தா செருப்பில்லாமல் ஓடிவந்தார். பெனியன் துணியின் மேல் அந்தச் சூலக்காரி டொலர் இருந்தது. வண்ணாத்திவில்லுப் பக்கத்தால் ஒரு ஆள் கொண்டுவந்தார், மன்னாரில் காடு வெட்டும்போது மண்ணுக்குள் கிடந்ததாம் என்றார் நானா. அவர் இவ்வளவு நீளமாகக் கதைத்து நான் கேட்டதில்லை. ராத்தா தன் காசை எடுத்து அதன்மேல் எழுத்தோடு எழுத்தாக வைத்துப் பார்த்தார். பிறையும் பிறையும் எதிரும் புதிருமாக வந்து பொருந்தின. பிறகு தலையை நிமிர்த்தி, தரத்தைச் சொல்லுங்கள் என்றார்.

“படுத்தது,” என்றார் நானா. “மண்ணுக்குள்ள படுத்தது. அப்பவே படுத்தது.”

ராத்தா முதலில் மவுத்துக்குச் சொல்கிற இன்னா லில்லாஹி சொன்னார். பிறகு என் கடைத் தரையில் குந்தியிருந்து அழத் தொடங்கினார். இருபது வருசமாக அடைத்து வைத்திருந்த அழுகை. வரிசையில் நின்ற சனம் கடதாசிகளோடு வெளியே இறங்கி நின்றது. நான் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இதை ஒரு கவரில் போட்டுத் தா புள்ள என்று அந்தக் காசை என்னிடம் தந்தார்.

கவரை எடுத்த கை, பழக்கதோசத்தில் காசை விளக்குக்குக் கீழே சரித்தது. சரித்திருக்கக்கூடாது.

மண்ணில் கிடந்த வெள்ளிக்கு ஒரு சொரசொரப்புத் தோல் வரும், நகத்தால் சுரண்டினாலும் போகாது. இதில் அப்படி ஒன்றும் இல்லை. எழுத்துப் பக்கம் நிறம் அப்படியே இருந்தது. சூலக்காரியின் பக்கம் ஓரமெல்லாம் நீலம், நடுவில் மட்டும் நிறத்தை அறுத்துக்கொண்டு ஒரு முட்டை வடிவத் தேய்வு. அவளுடைய நெஞ்சும் கேடயமும் வழுக்கலாகப் போயிருந்தன. இருந்து நடந்த காசு. பல வருசம், ஒவ்வொரு நாளும், ஒரே பெருவிரல் தேய்த்த காசு. அதோடு நான் காலை ஏழு மணியிலிருந்து வாசலிலேயே நின்றேன். வண்ணாத்திவில்லுப் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை.

நான் நானாவைப் பார்த்தேன். அவருடைய பெருவிரல் வார்ப் பைக்குள் போய், தேடி, ஒன்றுமில்லாமல் வெளியே வந்தது. திரும்பவும் போனது. கேட்க வாயெடுத்தேன். ஆனால் தரையில் அந்த மனுசி அழுதுகொண்டிருந்தார், வாசலில் மகள் வாப்பாவின் தம்பிக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் காசைக் கவரில் போட்டு, பசையைத் தடவி ஒட்டிக் கொடுத்தேன். அன்றைக்கு நானும் சேர்ந்துதான் தரம் சொன்னேன், வாய் திறக்கவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அவர்கள் போன பிறகு கதவைப் பாதி இழுத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன். நான் கேட்க முதலே அவர் தொடங்கிவிட்டார்.

“இடம் அவர்ட, தங்கச்சி. வள்ளத்தில ஒரு இடம்தான் மிச்சம். ஏறப் போனவர், உம்மாட குர்ஆனை வீட்டில விட்டிட்டன், எடுத்திட்டு ஓடி வாரன், என்ட இடத்தைப் பிடிச்சுக்கொள்ளுங்க எண்டு இந்தக் காசை என்ட கையில தந்திட்டு ஓடினாரு. அவர் ஆரெண்டும் எனக்குத் தெரியாது. பின்னால துவக்கோட நிக்கிறாங்க. இன்னும் ஆள் இரிக்கா எண்டு வள்ளம் ஓட்டி கேட்டாரு.”

விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

“இல்லையெண்டு சொன்னன்.”

அவர் மவுத்தா என்று கேட்டேன். தெரியாது என்றார். பிறகு எப்படிப் படுத்தது என்று சொன்னீர்கள், இருபது வருசம் வைத்திருந்துவிட்டு இப்போது எப்படிச் சொன்னீர்கள் என்று நான் சத்தம் போட்டேன். அடுத்த வள்ளத்தில் வராத பாதி விரல்காரரின் பெண்சாதி இங்கே இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, கொண்டுபோய்க் கொடுக்கத்தான் புத்தளத்து உப்பளத்தை விட்டுக் கற்பிட்டிக்கு வந்ததாகச் சொன்னார். முதல் நாளே ராத்தாவின் வாசல் வரை போனாராம். மூடி வைத்த சோற்றுக் கோப்பையைக் கண்டு திரும்பிவிட்டாராம்.

“வள்ளத்தில அண்டைக்குச் சொன்னதுக்குப் பிறகு நான் பொய் சொல்லல்ல,” என்றார். “ஒரு செப்புக் காசைப் பத்திக்கூடச் சொல்லல்ல. இண்டைக்கு ரெண்டாவது.”

அன்றைக்கு விளக்கை அவரே நிறுத்தினார். அடுத்த நாள் வரவில்லை. அந்தக் கிழமையும் வரவில்லை. மேசை லாச்சிக்குள் வில்லையும் பெனியன் துணியும் இருந்தன. முகாமில் விசாரித்தேன், அவர் இருந்த அறை கூட்டிப் பெருக்கிக் கிடந்தது. எங்கே போனார் என்று சொல்ல ஒருவரும் இல்லை. பெயர் சொல்லித் தேட எனக்குப் பெயரும் தெரியாது.

ராத்தா வீட்டில் மவுத்தானவருக்காகக் கத்தம் ஓதினார்கள். வாப்பாவின் தம்பி நின்று மகளைக் கொடுத்தார், நானும் போய்ப் பிரியாணி சாப்பிட்டேன். ராத்தா புருசனுக்காக இத்தாத் துக்கத்தில் இருந்ததால் கூட்டத்துக்கு முன்னால் வரவில்லை, திரைக்குப் பின்னால் இருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, வயிறாரச் சாப்பிட்டாயா என்று கேட்டார். ஓம் ராத்தா என்றேன். நாலு மாதமும் பத்து நாளும் முடிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தார். காலியாக இருந்த மேசையைப் பார்த்தார். அதே கவரை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார்.

“நீயும் பார்த்தாய்தானே புள்ள?”

 அவர் கவரைப் பிரித்து, அந்தக் காசைச் சூலக்காரி மேலே பார்க்க வைத்தார். தன்னுடைய பெருவிரலைத் தேய்ந்த இடத்தில் வைத்துக் காட்டினார்.

“முழு விரல். நுனியில நகம் பட்ட கீறலும் இரிக்கு. அவருக்கு அந்த விரல்ல நகமே இல்லையே. மகள்ட கல்யாணத்துக்காக நான் தலையாட்டினன். அவருக்கு வைக்கிற சோத்தை நிப்பாட்டல்ல.”

யாரென்று தெரியுமா ராத்தா என்று கேட்டேன். அவர் மேசையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று கையைக் காட்டினார். காசைக் கவருக்குள் திரும்பப் போட்டு, நானாவின் லாச்சியைத் தானே இழுத்து, வில்லைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“வந்தா அவர்ட்டயே குடு. இந்தப் பாரத்த இறக்கி வைக்கச் சொல்லி நான் இன்னும் சொல்லல்ல.”

கோபமாகச் சொன்னாரா, இரக்கமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. சொல்லிவிட்டு இடியப்பப் பொதியை வைத்துவிட்டுப் போனார். அது நானாவின் மேசையில்தான் இருந்தது, என்னுடையதில் இல்லை.

இப்போது அந்த லாச்சியைப் பூட்டித் திறப்பை நான்தான் வைத்திருக்கிறேன். கவர் பல தடவை பிரிந்து ஒட்டிக் கிழிந்துபோய்விட்டது. கடையில் ஆளில்லாத நேரம், மெசின் சூடாகிற இடைவெளியில், என் கை தானாக லாச்சிக்குள் போகும். நான் பார்ப்பதில்லை, வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். பெருவிரல் மட்டும் போய் அந்தத் தேய்ந்த இடத்தில் இருந்துகொள்ளும். போன கிழமைதான் கவனித்தேன், அது எனக்கும் அளவாக இருக்கிறது.